டிரெய்லர் டயரில் காற்று: கவனிக்காவிட்டால் யாருக்கு நட்டம்?



மண்ணூர்பேட்டையில் கடை நடத்துகிறவர்களுக்கு லாரிச் சத்தம் புதிதல்ல. ஒரு பக்கம் திருவள்ளூர் நெடுஞ்சாலை. மறுபக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் டிரெய்லரும், ஆந்திராவிலிருந்து மிளகாய், பருப்பு கொண்டுவரும் டாரஸ் லாரியும், நம் கடைகளுக்குச் சில்லறைச் சரக்கு இறக்கும் குட்டி யானையும் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன.

டயரைப் பற்றிப் பேசுவதற்கும் பொருத்தமான ஊர் இது. 1959-ல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை வந்தது. ஆலை இன்று ஓடவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் இந்த வட்டாரத்தில் நிலைத்துவிட்டது. பக்கத்துப் பாடியில் வீல்ஸ் இந்தியா நிறுவனம் லாரிச் சக்கரம் செய்கிறது. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் என்று சென்னையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் டயர் ஆலைகள்தாம். இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு, டயருக்குள் இருக்கும் காற்றைப் பற்றி மட்டும் நாம் நினைப்பதே இல்லை. "அது லாரிக்காரன் பாடு" என்று விட்டுவிடுகிறோம். அது நம் பாடும்தான் என்பது எங்களுக்கு நட்டப்பட்ட பிறகே தெரிந்தது. அந்தப் பாடத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அனுபவம்

2009-ம் ஆண்டு சித்திரை மாதம். கர்நாடகத்துக் குல்பர்காவிலிருந்து எங்களுக்கு ஒரு டிரெய்லர் துவரம் பருப்பு வந்துகொண்டிருந்தது. கல்யாண மாதம், பருப்பு கேட்டு வாடிக்கையாளர்கள் நச்சரிக்கிறார்கள். 500 மூட்டை ஏற்ற வேண்டிய வண்டியில் "இன்னும் 40 மூட்டை போடு, தனியாக ஒரு வண்டி பிடிக்க முடியாது" என்று சொன்னவர்கள் நாங்கள். மூட்டைக்கு 50 கிலோ வீதம் 2 டன் கூடுதல். வண்டி கிளம்பியதும் "எங்கே வருகிறாய், எங்கே வருகிறாய்" என்று டிரைவரைத் தொலைபேசியில் மூன்று முறை விரட்டியவர்களும் நாங்களேதான்.

கடப்பை, ரேணிகுண்டா தாண்டி, புத்தூர் பக்கம் மதிய வெயிலில் வண்டி வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக் கை காட்டியிருக்கிறார். டிரைவர் இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் கடைசி அச்சில் உள் டயர் புகைந்து நெருப்புப் பிடித்துவிட்டது. பக்கத்து வயலில் மோட்டார் ஓடிய புண்ணியத்தால் ஊர்க்காரர்கள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அதற்குள் பின்பக்க மூட்டைகளில் 60 எரிந்துபோயின. தண்ணீர் பட்டு நனைந்தவை அதற்கு மேல்.

பணம் போனது ஒரு பக்கம். அவசரத்தில் தார்ப்பாயை இழுத்த கிளீனர் பையனுக்கு வலது கை வெந்துவிட்டது. மூன்று மாதம் அந்தக் கை வேலை செய்யவில்லை. மருத்துவச் செலவை லாரி உரிமையாளரும் நாங்களும் பகிர்ந்துகொண்டோம். இன்சூரன்ஸ் கேட்கப் போனபோது, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்ததை எங்கள் எடைச்சீட்டே காட்டிக்கொடுத்தது. பெரும்பகுதி கிடைக்காமல் போனது. அதில் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

டிரைவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது. "அண்ணாச்சி, பஸ்காரர் கை காட்டுற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியல. ஸ்டீயரிங் எப்பவும் போலத்தான் இருந்துச்சு." அவர் பொய் சொல்லவில்லை. டிரெய்லர் டயரின் தன்மையே அதுதான். ஏன் என்று பார்ப்போம்.

சுமப்பது ரப்பரா, காற்றா?

1888-ல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்று அடைத்துக் கட்டினார். நம் அம்பத்தூர் ஆலைக்குப் பெயர் தந்தவர் அவர். அன்று அவர் கண்ட உண்மை இன்றைக்கும் மாறவில்லை. சுமையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை அடக்கி வைக்கும் பாத்திரம்.

பாத்திரத்தில் காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். மடங்கும் இடம் சுடும். டயருக்கும் அதே கதிதான். லாரி டயர் ஒரு கிலோமீட்டருக்கு முந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் மடங்கினால் சூடு ஏறி, ரப்பர் அடுக்கடுக்காகப் பிரிகிறது. சாலை ஓரத்தில் பாம்புத் தோல் உரித்துப் போட்டது போல் டயர்ப் பட்டைகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ரீபட்டன் போட்ட டயர், அதான் கழன்றது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காற்றுக் குறைவாக ஓடினால் புது டயரும் அப்படித்தான் கழலும்.

இரட்டை டயரில் கணக்கு இன்னும் கடுமை. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன் என்று இருந்த அனுமதியை 2018 ஜூலையில் மத்திய அரசு 11.5 டன்னாக உயர்த்தியது. நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,875 கிலோ. உள் டயரில் காற்று முழுவதும் இறங்கிவிட்டால், ஒட்டி நிற்கும் வெளி டயரின் தலையில் 5,750 கிலோ. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி நேராகத்தான் நிற்கும். ஒருவன் மயங்கி விழுந்த பிறகும் பக்கத்தில் இருப்பவன் இருவர் மூட்டையையும் சுமப்பது போல. அவன் எத்தனை தூரம் சுமப்பான்? முதல் டயர் காற்றினால் போகிறது. இரண்டாவது டயர் சுமையினால் போகிறது. இதற்கிடையில் தளர்ந்த டயரும் நல்ல டயரும் ஒன்றோடொன்று உரசினால் நெருப்புக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

டிரெய்லருக்கு ஏன் தனிக் கவனம்?

முன் சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். டிரைவர் கை உணரும். டிரெய்லர் டயர் அவருக்குப் பின்னால் பல அடி தூரத்தில் ஓடுகிறது. இடையில் ஒரு கொக்கி இணைப்பு. அங்கே நடப்பது அவர் கைக்கும் காதுக்கும் எட்டுவதில்லை. கண்ணாடியில் தெரிவது வெளி டயர் மட்டுமே.

இன்னும் சில காரணங்கள் உண்டு. எஞ்சின் வண்டி தினமும் ஓடும். டிரெய்லரைச் சரக்கோடு நாலு நாள் கழற்றி நிறுத்திவிடுவார்கள். நிற்கும் வண்டியில் மெதுவாகக் கசியும் காற்றை யாரும் பார்ப்பதில்லை. இன்று ஒரு எஞ்சின் இழுக்கும், நாளை வேறொன்று. பல பேருக்குச் சொந்தமான மாட்டை யாரும் குளிப்பாட்டுவதில்லை என்பது போல டிரெய்லர் டயரையும் யாரும் தம் பொறுப்பு என்று எடுப்பதில்லை. முன்னால் ஓடித் தேய்ந்த டயரையும் ரீபட்டன் போட்ட டயரையும் டிரெய்லருக்குத் தள்ளிவிடுவதும் வழக்கம். உள் டயரின் வால்வு கை நுழையாத இடத்தில் இருப்பதால், "வெளி டயர் சரியாக இருக்கிறது, உள்ளேயும் இருக்கும்" என்று கிளீனர் லிவரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிவிடுகிறார்.

தட்டிப் பார்ப்பது தவறா என்று கேட்கலாம். முழுக்க இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் 110 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 85 இருந்தால் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. அந்த 85-தான் ஆளைக் கொல்லும் எண். முழுதாக இறங்கினால் நிறுத்திவிடுவோம். பாதி இறங்கினால் ஓட்டிக்கொண்டே இருப்போம்.

காற்று காட்டும் கருவி

இதற்கென்றே இப்போது டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவிகள் வந்துள்ளன. தத்துவம் எளிது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு உணர்கருவி. அது காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளந்து வானொலி அலையில் அனுப்பும். டிரைவர் முன்னால் உள்ள சிறு பெட்டி அதை வாங்கி எண்ணாகக் காட்டும். குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரிந்து மணி அடிக்கும்.

உணர்கருவி இரண்டு வகை. ஒன்று, வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகுவது. நாமே மாட்டிக்கொள்ளலாம், மின்கலம் தீர்ந்தால் மாற்றலாம். ஆனால் நிறுத்திய இடத்தில் எவனாவது திருகிக்கொண்டு போய்விடுவான்; ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் கருவியே கசிவுக்குக் காரணமாகும். காற்று பிடிக்கும்போதெல்லாம் கழற்றி மாட்டவும் வேண்டும். இரண்டாவது வகை, டயருக்குள் ரிம்மில் பட்டை போட்டுக் கட்டுவது. திருட்டுப் போகாது, உள்சூட்டைச் சரியாகச் சொல்லும், பல ஆண்டு உழைக்கும். மாட்டவும் மாற்றவும் டயரைக் கழற்ற வேண்டும்.

கார்களில் சிலவற்றில் உணர்கருவி இல்லாமல், சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும் முறை உண்டு. அது ஒற்றை டயர் வண்டிக்கு ஒத்துவரும். ஒரே அச்சில் ஒட்டி நிற்கும் இரட்டை டயர் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும். எனவே அந்த முறையால் உள் டயரின் குறையைச் சொல்ல முடியாது. விற்பவர் எந்த வகையைத் தருகிறார் என்று கேட்டு வாங்குவது நல்லது.

டிரெய்லருக்கு வாங்குவோர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடைசி அச்சிலிருந்து முன்கூண்டு வரை அலை எட்டுமா? நடுவில் இரும்புச் சட்டமும் கன்டெய்னரும் மறிக்கின்றன. அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு நடுப்பெட்டியை டிரெய்லரில் வைத்தால்தான் நம்பிக்கை. இரண்டாவது, எஞ்சின் வண்டி மாறும்போது என்ன ஆகும்? புதிதாக இணைத்த டிரெய்லரை முன்பெட்டி அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இல்லையேல் பழைய டிரெய்லரின் எண்ணை எதிர்பார்த்துக்கொண்டு, புதியதைப் பற்றி மௌனமாக இருக்கும். இணைத்தவுடன் எல்லாச் சக்கரத்தின் எண்ணும் வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது டிரைவரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது நம் நாட்டில் விருப்பம் அல்ல, கடமை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், டயர் சரியான காற்றோடும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. லாரி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கருவி விஷயத்தில் 2020-ல் ஒரு திருத்தம் வந்தது. மொத்த எடை 3.5 டன்னுக்குள் உள்ள பயணிகள் வண்டியில் டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தக் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றார்கள். ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். நூற்றாண்டுக்கு மேல் வண்டியில் தொங்கிய அந்தச் சக்கரத்தையே கழற்றலாம் என்று சொல்லும் அளவுக்கு இந்தச் சிறு கருவிக்கு மதிப்பு வந்துவிட்டது.

அமெரிக்காவில் டயர் வெடித்துப் பலர் இறந்த ஃபயர்ஸ்டோன் விவகாரத்துக்குப் பிறகு, 2000-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களிலும் சிறு வண்டிகளிலும் இந்தக் கருவி கட்டாயமாயிற்று. காற்று 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய லாரிகளுக்கும் கனரக டிரெய்லர்களுக்கும் கட்டாயம் என்றாக்கிவிட்டன. டிரெய்லரின் பெயரையே சட்டத்தில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். புத்தூரில் எங்களுக்கு நேர்ந்தது அங்கேயும் நேர்ந்திருக்கிறது என்றுதானே பொருள்!

எங்கள் வண்டியில் கண்டது

எங்களுக்குச் சொந்தமாகப் பத்துச் சக்கர லாரி ஒன்று உண்டு. 2021-ல் அதற்கு வால்வில் திருகும் வகைக் கருவி வாங்கினோம். மாட்டிய முதல் வாரத்திலேயே ஓர் உள் டயரில் தினம் மூன்று பவுண்டு இறங்குவதைக் காட்டியது. பஞ்சர்க் கடையில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் டயரில் குறையே இல்லை. வால்வு ஊசி தேய்ந்திருந்தது. சில ரூபாய்ச் சாமான். அது மாதக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்ததை எங்களில் யாரும் அறியவில்லை. அந்த டயரின் ஓரம் மட்டும் முன்கூட்டியே தேய்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

கருவியால் ஒரு தொல்லையும் நேர்ந்தது. மத்தியானம் ஓடும்போது 110 பவுண்டு வைத்த டயர் 122 என்று காட்டியது. டிரைவர் பயந்துபோய் 12 பவுண்டு இறக்கிவிட்டார். இது பெருந்தவறு. சூட்டில் காற்று விரிவது இயற்கை. 100 பவுண்டு டயரில் 30 டிகிரி சூடு கூடினால் 11 பவுண்டு ஏறும். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். சூட்டில் இறக்கினால், விடியற்காலை டயர் ஆறியதும் 98-ல் நிற்கும். மறுநாள் இன்னும் மடங்கும், இன்னும் சுடும், இன்னும் இறக்குவார். எனவே காற்றை அளப்பதும் சரிசெய்வதும் வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று ஆறிய பிறகுதான்.

செய்ய வேண்டியவை

வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு நாங்கள் கண்ட வழிமுறைகளைக் கீழே தருகிறோம்.

1. எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்பதை டயர் கம்பெனியின் அட்டவணைப்படி, ஏற்றும் சுமைக்கேற்ப முடிவு செய்து, கதவின் உள்பக்கத்தில் பெயின்டில் எழுதிவையுங்கள். டிரைவர் மாறினாலும் எண் மாறக் கூடாது.

2. சில கருவி பவுண்டிலும் சில கருவி பாரிலும் காட்டும். ஒரு பார் என்பது 14.5 பவுண்டு. 100 பவுண்டு என்றால் ஏறத்தாழ 6.9 பார். இதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

3. வைத்த அளவில் 10 சதவீதம் குறைந்தால் முதல் எச்சரிக்கை. 110 என்றால் 99. அன்றே கசிவைத் தேடிச் சரிசெய்யுங்கள். 20 சதவீதம் குறைந்தால், அதாவது 88-க்கு வந்தால், ஓட்டக் கூடாது. அந்த டயர் காற்றில்லாமல் ஓடியதாகவே கருதி, கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும்.

4. காற்றுக் குறைவாக ஓடிய டயரில் அப்படியே காற்று பிடிக்காதீர்கள். உள்ளே கம்பிகள் நைந்திருந்தால் பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும். பஞ்சர்க் கடைகளில் கை, உயிர் போவது இதனால்தான். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் மாட்டி, பக்கச்சுவருக்கு எதிரில் நிற்காமல் பிடிக்கும் கடைக்கே அனுப்புங்கள்.

5. கருவி கூவினால் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கி நிறுத்த வேண்டும். பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. புகை வந்தால் டயரின் பக்கவாட்டில் நெருங்காதீர்கள். நெருப்பு என்றால் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். சிறு தீயணைப்பான் சுடரை அணைக்கும். சூடு உள்ளேயே இருப்பதால் டயர் மீண்டும் பற்றிக்கொள்ளும். நிறையத் தண்ணீர் வேண்டும். சரக்கைக் காப்பாற்ற ஆளைப் பலி கொடுக்காதீர்கள்.

6. நல்ல கேஜ் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். கருவி வைத்திருப்பவரும் வாரம் ஒருமுறை கேஜ் வைத்து ஒப்பிட வேண்டும். மின்கலம் தீர்ந்த கருவி பொய் சொல்லாது. ஆனால் ஒன்றும் சொல்லாது. அதை "எல்லாம் நலம்" என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

7. டூப்ளிகேட் வால்வு மூடியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தூசியையும் ஈரத்தையும் தடுக்கும் இரண்டாவது கதவு அது.

லாரி பிடிக்கிறவர்களின் பங்கு

"நாங்கள் வண்டி வைத்திருக்கவில்லை, லாரி ஆபீசில் சொல்லிப் பிடிக்கிறோம், எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பலர் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் இருக்கிறோம். ஆனால் டயரின் தலையில் ஏறுவது நம் சரக்கு. எத்தனை மூட்டை என்று சொல்வது நாம். எப்போது வந்து சேர வேண்டும் என்று விரட்டுவது நாம். வாடகையைக் கடைசி நூறு ரூபாய் வரை பேரம் பேசுவதும் நாம். டயருக்குச் செலவழிக்க லாரிக்காரரிடம் மிச்சம் வைக்காதவர்கள் யார் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார். நாம் ஏற்றுவது மயிலிறகு அல்ல. பருப்பும் சர்க்கரையும் எண்ணெய் டின்னும். அச்சு அன்று மரத்தால் ஆனது, இன்று இரும்பு. ஆனால் டயர் இன்னும் காற்றுதான்.

எனவே சரக்கு ஏற்றுமுன் லாரி ஆபீசில் மூன்று கேள்வி கேட்போம். அனுமதி எடை எவ்வளவு? டிரெய்லரின் உள் டயரில் காற்று கடைசியாக எப்போது பார்த்தது? கருவி இருக்கிறதா, இல்லையென்றால் வழியில் எங்கே நிறுத்திப் பார்ப்பார்கள்? பதில் சொல்லும் வண்டிக்கு நூறு இருநூறு கூடுதல் கொடுத்தாலும் நட்டமில்லை. நல்ல டயருக்கு நல்ல வாடகை என்று நாம் பழக்கினால், லாரிக்காரர்களும் கருவி வாங்குவார்கள். ஒரு கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சங்கத்தில் உள்ள அத்தனை பேரும் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

2009-க்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். ஓடும் வண்டியின் டிரைவரை நாங்கள் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை. அவர் டீ குடிக்க நிறுத்தும்போது அவரே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் முதல் கேள்வி, "இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தீங்களா?" என்பதுதான். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுவது தெரிந்துவிடும். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

சிறு கடைக்காரர்களுக்கு

மொபெட்டில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வரும் மளிகைக்காரருக்கும், குட்டி யானையில் காய்கறியும் அரிசியும் ஏற்றும் நண்பருக்கும் இதே பாடம்தான். வண்டி சிறியது, அதன் டயரும் சிறியது, நாம் ஏற்றும் ஆசை மட்டும் பெரியது. பின் டயருக்கு, சுமையோடு எவ்வளவு காற்று என்பது வண்டியிலேயே எழுதியிருக்கும். வாரம் ஒரு நாள், கடை திறக்குமுன், டயர் ஆறியிருக்கும் வேளையில் காற்றைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கடைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்போது வண்டிக்கும் வைக்கிறோம் அல்லவா? அப்போதே கேஜையும் ஒருமுறை வைத்துவிட்டால் மறக்காது.

நிறைவாக

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் இரவு முழுக்கத் தேடுகிறோம். தராசு ஐந்து கிராம் தவறினால் உடனே சரிசெய்கிறோம். பல லட்ச ரூபாய்ச் சரக்கையும் இரண்டு உயிர்களையும் தாங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுற்றும் உள் டயரின் காற்றை மட்டும் கடவுள் விட்ட வழி என்று விடலாமா? கருவி வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் கேஜ் வாங்குங்கள். அதுவும் இல்லாதவர்கள், அளவுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை என்றாவது முடிவெடுங்கள்.

அந்தக் கிளீனர் பையனின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அவரே சொந்த வண்டி ஓட்டுகிறார். எப்போதாவது நம் சாலையில் போகும்போது கடைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். வண்டியில் ஏறுமுன் பத்துச் சக்கரத்தையும் சுற்றி வந்து, உள் டயருக்குக் குனிந்து கேஜ் வைத்துப் பார்க்கிறார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கும் அப்படி ஒரு தழும்பு வந்த பிறகுதான் புத்தி வர வேண்டும் என்பதில்லை. இன்று மாலை சரக்கு ஏற்றும் வண்டியிலிருந்தே தொடங்குவோம்.